சிவகாமிக்குக் கல் புருஷன் ஏன்?

சங்கரன்கோவில் தோழர்கள் சிலர் “சிவகாமியின் சபதம்” என்னும் நாவலைப் பற்றி நமது அபிப்பிராயம் என்னவென்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதை இரவு பகலாய்ப் படித்துக் கண்ணீர் விடுகிறார்களாம். கதை படிப்பது கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. புராணம் படித்து அழுவதைவிட நாவல் படித்து அழுவது எவ்வளவோ மேல். நாவலாசிரியராவது தாம் எழுதியது கற்பனை என்று ஒப்புக்கொள்ளுகிறார். ஆனால் எதற்காக அழுகிறோம் என்பதைச் சற்று யோசித்துவிட்டு அழலாமே என்பதுதான் நமது விண்ணப்பம்.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இதை 1944 முதல் 1946 வரை தமது “கல்கி” பத்திரிகையில் தொடராக எழுதினார். கதை சொல்லும் சாமர்த்தியத்தில் அவருக்கு இணை சொல்லுவது கஷ்டம். அதனால்தான் நாம் இன்னும் ஜாக்கிரதையாய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. கசப்பு மருந்தை யாரும் அதிகமாய்க் குடித்துவிடுவதில்லை. சர்க்கரைப் பாகுதான் அளவு மீறி உள்ளே போகும்.

கதை இதுதான். ஆயனர் என்ற சிற்பியின் மகள் சிவகாமி, நாட்டியக்காரி. பல்லவ இளவரசன் மாமல்லனும் அவளும் ஒருவரை ஒருவர் காதலிக்கிறார்கள். ராஜா மகேந்திரவர்மனுக்கோ சிற்பி மகள் பட்டமகிஷியாவதில் இஷ்டமில்லை. யுத்தம் வருகிறது. சிவகாமியை வாதாபிக்குச் சிறையெடுத்துப் போகிறார்கள். அங்கே தமிழ்க் கைதிகளைச் சவுக்கடியிலிருந்து காப்பாற்ற நாற்சந்தியில் ஆடுகிறாள். வாதாபி எரிந்தாலன்றித் திரும்புவதில்லை என்று சபதம் செய்கிறாள். இதற்கிடையில் இளவரசனுக்கு ராஜ்யத்தின் பேரால் பாண்டியன் மகளைக் கட்டி வைக்கிறார்கள். அவனுக்கு மனமில்லை, ஆனாலும் கட்டிக்கொள்ளுகிறான். வாதாபி எரிந்து, சிவகாமி காஞ்சிக்குத் திரும்பி வந்து பார்த்தால் அவனுக்கு ராணி இருக்கிறாள், குழந்தைகளும் இருக்கிறார்கள். கடைசியில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் சாமியே புருஷன் என்று சிவகாமி கழுத்தில் தாலி ஏறுகிறது. மாமல்லன் கண்ணீரோடு பார்த்துவிட்டுப் போகிறான். வாசகர்களும் அப்படியே.

இந்தக் கதையில் மனமில்லாத கல்யாணம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டின் பலனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனமில்லாமல் கட்டிக்கொண்ட ஆண் பிள்ளைக்கு மனைவி, மக்கள், சிங்காதனம், வெற்றி வீரன் என்ற பட்டம். பெண்ணுக்கு ஒரு கல்லும் ஒரு மாலையும்! இதற்குப் பெயர் “தெய்வீகக் காதல்.” அந்தத் தெய்வீகத்தில் கொஞ்சம் மாமல்லனுக்கும் வந்து, அவனும் போய் ஒரு அம்மன் சிலைக்குத் தாலி கட்டிக்கொண்டு உட்கார்ந்தான் என்று எழுதியிருந்தால் எத்தனை பேர் கண்ணீர் விட்டிருப்பார்கள்? விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

“சரித்திரம் அப்படி, ஆசிரியர் என்ன செய்வார்?” என்று சில பண்டிதர்கள் கேட்பார்கள். சரித்திரத்தையே பார்ப்போம். நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது கி.பி. 642 வாக்கில். அந்த ஊர்ப் பாறையில் அவன் கல்வெட்டு இருக்கிறது. அவனுக்குப் பின் அவன் மகன் இரண்டாம் மகேந்திரவர்மன் பட்டத்துக்கு வந்தான். ஆகையால் ராஜாவுக்கு ஒரு ராணி வேண்டியதுதான். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் சிவகாமி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவள் ஆசிரியரின் கற்பனைப் பிள்ளை. தாமே பெற்ற பிள்ளைக்கு வேறு வழியே இல்லை என்று எந்தச் சரித்திரம் அவர் கையைப் பிடித்தது? இன்னொருவனை மணந்தாள் என்று எழுதலாம். மணமே வேண்டாமென்று நூறு பெண்களுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுத்து வாழ்ந்தாள் என்று எழுதலாம். இவையெல்லாம் தோன்றாமல் கோவில் வாசல் மட்டும் தோன்றியதுதான் நமது வருத்தம்.

ஏனென்றால் கோவிலில் தாலி கட்டுவது அந்தக் காலத்தில் வெறும் கதையல்ல. பொட்டுக்கட்டுதல் என்ற பேரால் சின்னஞ்சிறு பெண்களைச் சாமிக்குக் கட்டி வைத்து, சாமி பேரால் மிராசுதார்களும் மைனர்களும் அனுபவித்து வந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927லேயே சென்னைச் சட்டசபையில் இதை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தக் குலத்தில் வாழ்ந்து அதன் நரகத்தைக் கண்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936ல் “தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்” என்று ஒரு நாவலே எழுதினார். 1947ல்தான் தடைச் சட்டம் வந்தது. அதாவது, சிவகாமி கழுத்தில் தாலி ஏறியதற்கு மறு வருஷம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1928ல் அருப்புக்கோட்டைக்கருகில் சுக்கிலநத்தத்தில் புரோகிதரில்லாமல் சுயமரியாதைக் கல்யாணம் நடந்தது. ஆணும் பெண்ணும் சம்மதித்துச் செய்துகொள்ளும் அப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்று 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிற்று. அண்ணா முதலமைச்சராயிருந்த 1967ல் சட்டசபையில் திருத்தம் நிறைவேறிய பிறகே அதற்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. கல்லுக்கும் பெண்ணுக்கும் நடந்தால் மேளதாளம். மனுஷனுக்கும் மனுஷிக்கும் நடந்தால் செல்லாது!

“அவளாகத்தானே சம்மதித்தாள்?” என்று கேட்கலாம். வீட்டில் நாலு கதவையும் பூட்டிவிட்டு ஒன்றை மாத்திரம் திறந்து வைத்து, “பார், அவளாகவே இந்த வழியாய்ப் போனாள்” என்பது என்ன சம்மதமோ நமக்குப் புரியவில்லை. இந்தச் சம்மதம் நமது ஊர்களுக்கும் புதிதல்ல. பத்திரிகை அச்சடித்து, ஜவுளி எடுத்து, பந்தலும் போட்டபிறகு பெண்ணைப் பார்த்து, “உனக்கு இஷ்டந்தானே, அம்மா?” என்கிறோம். அது குனிந்தால் வெட்கம் என்கிறோம். அழுதால் பிரிவுத் துயரம் என்கிறோம். சங்கரன்கோவிலிலோ ஆடித்தபசு என்று வருஷாவருஷம் கோமதியம்மனைத் தவங்கிடக்க வைத்து லட்சம் பேர் கூடிப் பார்க்கிறார்கள். அங்கேயும் காத்து நிற்பது பெண்தான். காட்சி கொடுப்பவர்தான் ஆண்.

ஆகவே தோழர்களுக்கு ஒரு யோசனை. வீட்டுப் பெண்களிடமிருந்து அந்த நாவலைப் பிடுங்க வேண்டாம். ராமாமிர்தம் அம்மையார் புத்தகத்தையும் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் படித்து முடித்தபின், “நீ சிவகாமியாயிருந்தால் காஞ்சிக்குத் திரும்பி வந்து என்ன செய்திருப்பாய்?” என்று மகளையும் தங்கையையும் கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அவர்கள் கையாலேயே எழுதி நமக்கு அனுப்பச் சொல்லுங்கள். இடமிருக்கும்வரை வெளியிடுவோம்.