தோட்டக் கோயிலைக் காப்பது யார் பொறுப்பு?



பீடோர் வட்டாரத்தில் ஒரு தோட்டத்திற்கு அண்மையில் நாம் போயிருந்தோம். சம்பள விவகாரம் ஒன்று பேசப் போன இடத்தில், பேச்சு மாரியம்மன் கோயிலில் வந்து முடிந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம் அது. ஒரு காலத்தில் லயம் லயமாக நம் ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். இன்று எஞ்சியிருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே. மற்றவர்கள் பீடோர், தாப்பா, சுங்காய் பக்கம் தாமான்களில் குடியேறிவிட்டார்கள். பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலைக்குப் போகிறார்கள்.

கோயில் உண்டியலில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஏன் என்று கேட்டோம். "ஒண்ணு பழைய கமிட்டி பூட்டு, இன்னொண்ணு புதுக் கமிட்டி பூட்டு. ரெண்டு சாவியும் ஒண்ணா வந்து நாங்க பார்த்ததே இல்லைங்க" என்றார் விளக்கேற்ற வந்த ஓர் அம்மாள். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டு வருபவர் அவர்தான். அவர் பெயர் இரண்டு கமிட்டியிலும் இல்லை!

இது ஒரு தோட்டத்துக் கதை மட்டும் அல்ல. பேராக் முழுவதும், ஏன், நாடு முழுவதுமே தோட்டக் கோயில்கள் இன்று இந்த நிலையில்தான் தவிக்கின்றன.

நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து காட்டை வெட்டியபோது, லயம் எழுந்த கையோடு ஒரு மரத்தடியில் கல்லை நட்டு அம்மனைக் கும்பிட்டார்கள். பிறகு சம்பளத்தில் வெள்ளி வெள்ளியாகப் பிடித்துக் கட்டடம் எழுப்பினார்கள். காப்புக் கட்டு, கரகம், தீமிதி என்று வருடத்தில் சில நாட்கள்தான் பால்வெட்டுக்காரனும் மண்டோரும் கிராணியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். ஊர் என்று ஒன்று நமக்கு உண்டு என்ற நினைப்பைத் தந்தது அந்தக் கோயில்தான்.

ஆனால் நாம் ஒன்றை மறந்துவிட்டோம். கோயில் நம்முடையது, அது நின்ற மண் நம்முடையது அல்ல. துரை வாய்மொழியாகக் கொடுத்த இடம் அது. தோட்டம் கைமாறும்போது அந்த வாய்மொழிக்கு என்ன மதிப்பு?

1980-ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு நட்ட ஈட்டு விதிமுறையை எடுத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். உழைத்த கைக்கு இப்படிக் கணக்கு இருக்கிறது. கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் அதில் ஒரு வரிகூடக் கிடையாது. இங்கே தொழிற்சங்கத்தாராகிய நாமும் நம் குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தோட்டம் மூடும்போது பணத்துக்கும் வீட்டுக்கும் மேசையைத் தட்டிப் பேசினோம். கோயில் விஷயம் நமக்கெதற்கு என்று பல இடங்களில் ஒதுங்கி நின்றோம். அது தவறு.

ஒதுங்கியதன் விலை என்ன என்பதை சிலாங்கூரில் சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோயில் காட்டியது. தோட்டம் போய் நகரம் வந்தது. நிலம் மேம்பாட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. நிர்வாகத்துக்கு உரிமை கோரியவர்களோ இரண்டு தரப்பு. கோயிலை வேறிடத்துக்கு மாற்ற 2014-இல் நீதிமன்றத்தில் இணக்கம் ஏற்பட்டது. பக்தர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்கவில்லை. 2018 நவம்பர் 26 விடியற்காலையில் அங்கே கலவரம் மூண்டது. வாகனங்கள் எரிந்தன. தீயை அணைக்க வந்து படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் ஒருவர் டிசம்பர் 17-இல் உயிரிழந்தார். அவரும் சம்பளத்துக்கு உழைத்த ஒரு தொழிலாளிதான். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் உள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் நிலமும் 2014-இலேயே தனியாருக்கு விற்கப்பட்டிருந்தது. 2025 மார்ச்சில் பெரும் பரபரப்புக்குப் பிறகே அருகில் மாற்று இடத்துக்கு ஏற்பாடாயிற்று.

நம் பேராக்கிலேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. பாகான் செராய் சூசைப்பாளையத்தை நினைத்துப் பாருங்கள். 1880-களில் ஃபீ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தமிழ்க் குடும்பங்களுக்காக முதலில் நிலத்தைப் பெற்றார். அந்த மண்ணில் குடியும் கோயிலும் சேர்ந்து வளர்ந்தன. மதம் எதுவானால் என்ன, பாடம் ஒன்றுதான். மண் கையில் இருந்தால் சபை நிலைக்கும்.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இதுதான்.

முதலாவது, தோட்டம் விற்கப்படுகிறது என்ற பேச்சு காதில் விழுந்த அன்றே கோயில் நிலத்தைப் பற்றி எழுத்தில் கேளுங்கள். நட்ட ஈட்டுப் பேச்சுவார்த்தையில் கோயிலும் சுடுகாடும் தனி அம்சமாக இருக்கட்டும். நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். பீடோர் மக்களுக்கு உரிய நில அலுவலகம் தாப்பாவில் இருக்கிறது. வாய் வார்த்தை வேண்டாம். கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

இரண்டாவது, கோயிலைப் பதிவு செய்யுங்கள். 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதியலாம். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கும் அறிக்கையும் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுப் பதிவை இழந்தால், அதிகாரிகள் முன்னால் யார் போய் நின்று பேசுவது?

மூன்றாவது, கணக்கை ஊரறிய வாசியுங்கள். நம் சங்கக் கிளையில் என்ன செய்கிறோம்? ரசீது எழுதுகிறோம், கூட்டக் குறிப்பு எழுதுகிறோம், வோட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம். சாமி காசுக்கு அதைவிடக் குறைந்த ஒழுங்கு போதுமா? சந்தேகம் நுழைந்த இடத்தில்தான் இரண்டாவது பூட்டு தொங்குகிறது.

இவை எல்லாம் கோயிலின் உடம்பைக் காக்கும் வேலை. அதன் உயிர் கூட்டு வழிபாட்டில் இருக்கிறது. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக்குக் காவடியோடும் பால்குடத்தோடும் நம் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை சொந்தத் தோட்டத்துக் கோயிலில் மணி அடிக்க ஆளில்லை. "வந்தா திட்டுவாங்க, இல்லன்னா பெஞ்ச் தூக்கச் சொல்வாங்க" என்று ஒரு பையன் நம்மிடம் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. பெஞ்ச் தூக்குகிறவனுக்குக் கூட்டத்தில் பேசவும் இடம் கொடுங்கள். கணக்குப் புத்தகத்தையும் அவன் கையில் கொடுத்துப் பழக்குங்கள். எண்ணெய் கொண்டு வரும் அம்மாளைக் கமிட்டியில் உட்கார வையுங்கள். பிள்ளைகளுக்குத் தேவாரமும் திருவாசகமும் பொருளோடு சொல்லிக் கொடுங்கள். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிக்கு அனுப்புங்கள். தாமானுக்குப் போனவர்கள் மாதம் ஒரு வெள்ளிக்கிழமையாவது குடும்பத்தோடு தோட்டத்துக்கு வரட்டும். வர முடியாத முதியவர்களுக்கு மோட்டாரும் காரும் வைத்திருப்பவர்கள் வழித்துணையாகட்டும்.

திருவிழாவை வாண வேடிக்கையாலும் ஒலிபெருக்கிச் சத்தத்தாலும் அளக்க வேண்டாம். மது போத்தலோடு கரகத்தின் பின்னால் ஆடுகிற கூத்தை நாமே நிறுத்தியாக வேண்டும். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதிலிருந்து வரும் நன்கொடை எத்தனை வியர்வைத் துளி என்று கமிட்டிக்காரர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஒரு நாள் ஆடம்பரத்தைக் குறைத்தால் ஓர் ஆண்டு விளக்குக்கு எண்ணெய் வாங்கலாம். பிள்ளைகளுக்குப் பள்ளிப் புத்தகமும் வாங்கலாம்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். சங்கமும் அப்படித்தான், கோயிலும் அப்படித்தான். பீடோர்த் தோட்டத்து இரு கமிட்டியாரையும் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. வரும் வெள்ளிக்கிழமை இரண்டு சாவியோடும் ஒன்றாக வாருங்கள். அந்த அம்மாள் முன்னால் உண்டியலைத் திறந்து எண்ணுங்கள். நில விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கச் சங்கக் கிளை தயாராக இருக்கிறது.