மூங்கில் காகிதம்: இழை நல்லது, சிக்கல் வேறிடத்தில்

“மரம் வெட்டாத காகிதம்” என்ற விளம்பரத்தோடு மூங்கில் துடைப்புத் தாள்கள் கடைகளில் விற்கின்றன. மூங்கில் புல் இனம், வேகமாக வளரும், எனவே காகிதத்துக்கு இதைவிட ஏற்றது வேறில்லை என்பது வாதம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இழையில் குறை சொல்ல இடமில்லை. மூங்கில் இழை சராசரியாக 2 மில்லிமீட்டர் நீளம். தைல மரத்து இழை 1 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. பைனுடையது 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நீளம் கூடினால் தாள் எளிதில் கிழியாது. பைன் காடுகள் குறைந்த நமக்கு மூங்கில்தான் கைக்கெட்டிய நீள இழை. சீனர்கள் இளமூங்கிலை மாதக்கணக்கில் ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு வேகவைத்துத் தாள் செய்ததை 1637இல் வெளிவந்த ‘தியான்கோங் காய்வு’ நூல் படிப்படியாக விவரிக்கிறது.

ஆலைக்குக் கொண்டுவருவதுதான் கடினமாக இருந்தது. 1875இல் தாமஸ் ரௌட்லெட்ஜ் என்ற ஆங்கிலேயக் காகித உற்பத்தியாளர் இளந்தண்டுகளைப் பயன்படுத்தலாம் என்றார். ஆனால் முளைத்ததையெல்லாம் வெட்டினால் குத்து நலிந்துவிடும். முற்றிய மூங்கிலிலோ கணு கெட்டி, உள்ளே மாவுச்சத்து வேறு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ரெயிட் இதற்கு வழி கண்டார்: மூங்கிலை நசுக்கி, முதலில் மாவுச்சத்தையும் பெக்டினையும் நீக்கி, பிறகு இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினைக் கரைப்பது. 1925இல் மூங்கில் காகிதத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டமே வந்தது.

தீராத தலைவலி சிலிக்கா. கூழ் வெந்தபின் மிஞ்சும் கறுப்புத் திரவத்தைச் சுண்டவைத்து எரித்தால்தான் வேகவைக்கச் சேர்த்த சோடாவைத் திரும்பப் பெற முடியும். மூங்கிலின் சிலிக்கா, உப்புத்தண்ணீர் கொதித்த பாத்திரத்தில் படிவதுபோல, ஆவியாக்கும் குழாய்களில் படிகிறது. சோடாவை மீட்கும்போது உண்டாகும் சுண்ணாம்புச் சேற்றிலும் அது கலந்துவிடுவதால் சேற்றைச் சுட்டு மறுபடி பயன்படுத்துவதும் சிரமம். செலவு ஏறுகிறது; கழிவும் குவிகிறது.

அடுத்தது காடு. ஆலைகளுக்கு அரசுக் காட்டு மூங்கில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த காலத்தில் குத்துகளை மீட்கும் அக்கறை யாருக்கும் இருக்கவில்லை. கூடை முடைபவர்கள்தான் அதே மூங்கிலுக்கு அலைந்தார்கள். 1970களில் கர்நாடகத்தில் ஆய்வு செய்த சூழலியலாளர் மாதவ் காட்கில், குத்தின் அடியில் இருந்த முள்மறைப்பை வனத்துறை அகற்றியதே முளைகளை மாட்டுக்கும் காட்டு விலங்குகளுக்கும் தின்னக் கொடுத்தது என்று கண்டார். கிராமத்தார் முன்பே சொன்னதுதான் அது. போதாக்குறைக்குப் பல மூங்கில் இனங்கள் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து மடியும். மிசோரமில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நடக்கிறது. ஒரே இனத்தை நம்பும் ஆலை அப்போது என்ன செய்யும்?

ஆகவே “மூங்கில் காகிதம் நல்லதா?” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த நிலத்து மூங்கில், ஆலை சோடாவை மீட்கிறதா என்று கேட்கலாம். 2017 வனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் சட்டத்தின் கண்ணில் மரம் இல்லை. வெட்டவும் கொண்டுசெல்லவும் தடை தளர்ந்தது. ஆனாலும் விவசாயி கணக்குப் பார்ப்பார். ஏணிக்கும் சாரத்துக்கும் கேட்பவர் நேரான கழிக்குக் கழிக்கணக்கில் காசு தருகிறார். எடைக்கணக்கில் வாங்கும் ஆலை அந்த விலைக்கு வர மறுத்தால், அதற்கு மிஞ்சுவது கோணலும் துண்டும்தான்.