மொபைலில் ஓடும் வீடியோ, கம்ப்யூட்டரில் ஏன் ஓட மறுக்கிறது? ஹெச்.இ.வி.சி பஞ்சாயத்தும் உங்கள் வீட்டு செட்டிங்ஸும்

"ஏன் தம்பி, சத்தம் வருது, படத்தைக் காணோமே... வீடியோ கெட்டுப்போச்சா?"

காரைக்காலில் பெரியம்மா கேட்ட கேள்வி இது. பாரிஸில் இருக்கும் அண்ணன், மகளின் பிறந்தநாளை ஐபோனில் எடுத்து, டிரைவ் லிங்க்காக அனுப்பியிருந்தார். பெரியம்மாவின் மொபைலில் பளிச்சென்று ஓடியது. ஹாலில் டிவியோடு இணைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரில் வெறும் கறுப்புத் திரை. நான் கொண்டுபோன லேப்டாப்பில் ஓடியது, ஆனால் விக்கி விக்கி. போதாக்குறைக்கு ஃபேன் சத்தம் வேறு.

வீடியோ கெடவில்லை. ஒரே ஃபைலை மூன்று கருவிகள் மூன்று விதமாகக் கையாண்டன, அவ்வளவுதான். இதன் பின்னணியில் பெரிய கம்பெனிகளின் உரிமப் பஞ்சாயத்து ஒன்றும் இருக்கிறது.

அந்த வீடியோவில் அப்படி என்ன?

கேமராவில் பதிவாகும் காட்சியை அப்படியே சேமித்தால் ஸ்டோரேஜ் தாங்காது. அதனால் சுருக்கித்தான் வைக்கிறார்கள். சுருக்கி விரிக்கும் இந்த முறைக்குப் பெயர் கோடெக். 2003-ல் வந்த ஹெச்.264 ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஓடும். 2013-ல் வந்த ஹெச்.265, அதாவது ஹெச்.இ.வி.சி, அதே தரத்தைச் சுமார் பாதி அளவிலேயே தருகிறது. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபிறகு புதிய ஐபோன்கள் இந்த முறைக்கு மாறிவிட்டன.

சுருக்கியதை விரிக்க இரண்டு வழிகள். சிப்பில் அதற்கென்றே உள்ள பகுதி செய்தால் வேலை சத்தமில்லாமல் முடியும். அது இல்லையென்றால் பிராசசரே சாஃப்ட்வேர் மூலம் முக்கி முக்கிச் செய்ய வேண்டும். என் லேப்டாப் ஃபேன் கத்தியது அதனால்தான்.

புது லேப்டாப் என்றால் தப்பித்துவிடலாமா?

அப்படிச் சொல்ல முடியவில்லை. ஹெச்.பி, டெல் நிறுவனங்கள் தங்களின் சில லேப்டாப்களில் ஹெச்.இ.வி.சி வசதியை முடக்கியிருப்பது 2025 நவம்பரில் செய்தியானது. ஹெச்.பி.யின் 600 ஜி11 வரிசை போன்ற அலுவலக மாடல்கள் இதில் அடக்கம். கவனியுங்கள், சிப்பில் வசதி இருக்கிறது. விற்கும் கம்பெனி பூட்டு போட்டிருக்கிறது. 4கே திரை, தனி கிராஃபிக்ஸ் கார்டு போன்றவை உள்ள மாடல்களில் தருவதாக டெல் சொல்கிறது.

ஏன் இந்தப் பூட்டு? ஹெச்.இ.வி.சி பேட்டன்ட்கள் பல நிறுவனங்களிடம் பிரிந்து கிடக்கின்றன. விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டும். அமெரிக்காவில் அதிக அளவில் விற்பவர்களுக்கு ஒரு கருவிக்கு 20 சென்ட்டாக இருந்த கட்டணம், 2026 ஜனவரி முதல் 24 சென்ட் என்று அறிவிக்கப்பட்டதைத்தான் பலரும் காரணமாகக் கைகாட்டுகிறார்கள்.

யூடியூப் பார்ப்பவர்களுக்கு இதனால் பாதிப்பு வராது. அது விபி9, ஏவி1 போன்ற உரிமத்தொகை இல்லாத கோடெக்குகளை நம்பியிருக்கிறது. அடி விழுவது நம் சொந்தக் கல்யாண வீடியோ, பிறந்தநாள் வீடியோக்களுக்குத்தான்.

காரைக்காலுக்கு இது புதுசா?

பிரான்ஸில் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர் இது. விஹெச்எஸ் காலத்தில் பிரான்ஸின் டிவி முறை சீக்காம், இந்தியாவினுடையது பி.ஏ.எல். அங்கே பதிவான கேசட்டை இங்கே போட்டால் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அடுத்து டிவிடி வந்தது. பிரான்ஸ் ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5. கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், அதன்பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும்.

ஆனால் ஒரு வித்தியாசம். டிவிடி உறையிலேயே ரீஜன் எண் அச்சாகியிருக்கும், வாங்கும்போதே தெரிந்துவிடும். இன்றைய லேப்டாப்பில் 'இந்த வீடியோ ஓடாது' என்ற தகவலை ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தின் மூலையில் நீங்களேதான் தேட வேண்டும். கட்டணம் வாங்குவதும் வசதியை நீக்குவதும் கம்பெனிகளின் முடிவு என்றே வைத்துக்கொள்வோம். அதை வாங்குபவரிடம் பளிச்சென்று சொல்லாமல் விடுவதில் என்ன நியாயம்?

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் எந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஹால் கம்ப்யூட்டர்: வி.எல்.சி பிளேயரைப் போடுங்கள். 1996-ல் பாரிஸின் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது, இலவசம். வீடியோ ஓடும்போது கன்ட்ரோல், ஜே பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் என்ன கோடெக் என்று காட்டும். மெஷின் ரொம்பப் பழசு என்றால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஹெச்.264 ஆக ஒருமுறை மாற்றி வைத்துவிடுங்கள்.

லேப்டாப்: விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபாமன்ஸ், ஜிபியு என்று போய் 'வீடியோ டிகோட்' கிராஃபைப் பாருங்கள். வீடியோ ஓடும்போது அது அசையவே இல்லை, சிபியு மட்டும் எகிறுகிறது என்றால் சிப் உதவி கிடைக்கவில்லை.

எடுப்பவரின் ஐபோன்: செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' தேர்வு செய்தால் ஹெச்.264-ல் பதிவாகும். ஃபைல் பெரிதாகும், 4கே 60 ஃப்ரேம் கிடைக்காது.

ஓடிடி: நெட்ஃபிளிக்ஸின் பிளேபேக் செட்டிங் புரொஃபைலோடு ஒட்டியது. ஒரு கம்ப்யூட்டரில் மாற்றினால், அந்த புரொஃபைலைத் திறக்கும் மற்ற கருவிகளிலும் மாறும். ஹால் டிவிக்குத் தனி புரொஃபைல் வைத்துக்கொள்வது நல்லது. ஹெச்.டி.யில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி வரை போகும். ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால், தினம் 2 ஜி.பி பேக் ஒரு மணி நேரத்துக்குள் காலி. மொபைல் டேட்டாவுக்கான செட்டிங் மட்டும் அந்தந்த போனிலேயே இருக்கும்.

புதிதாக வாங்குபவர்கள்: 'ஹெச்.இ.வி.சி ஹார்டுவேர் டிகோடிங் உண்டா?' என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெரியம்மா வீட்டில் வி.எல்.சி போட்டதும் படம் வந்தது. 4கே என்பதால் திணறத்தான் செய்தது. ஹேண்ட்பிரேக்கில் 1080பி ஆக மாற்றி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அன்று ராத்திரியே அண்ணனுக்கு போன். "அந்த ஃபார்மட்டோ என்னமோ, அதை மாத்தி எடுப்பா" என்றார் பெரியம்மா.