பழுதுபார்ப்பவரின் மொழியில் கையேடு வேண்டும்

“எந்திரத்தில் கை வைக்கிறவன் முதலில் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வரட்டும்.” பெங்களூரில் சிறுதொழில் முதலாளிகள் கூடிய அரங்கொன்றில் ஒருவர் இவ்வாறு பேசியபோது கைதட்டல் எழுந்தது. லேசர் வெட்டும் எந்திரங்களின் கையேடுகளையும் எச்சரிக்கைகளையும் இந்திய மொழிகளில் தரவேண்டும் என்ற கோரிக்கைக்கு அவர் அளித்த விடை அது. அந்த விடை தவறானது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட. ஏன் என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளின் தகட்டு வேலைப் பட்டறைகளில் ஃபைபர் லேசர் எந்திரம் இன்று அரிய பொருளன்று. அதை இயக்குகிறவர்கள் கன்னடர், தமிழர், ஒடியர், பிகாரிகள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் சிலர், பள்ளிப்படிப்போடு நின்று, மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் நின்று தொழில் கற்றவர்கள் பலர். விற்ற நிறுவனத்தின் சேவைப் பொறியாளர் வந்து பார்ப்பது பெரும் பழுதுகளை மட்டுமே. அன்றாடப் பராமரிப்பு முழுவதும் இவர்கள் கையில்தான் இருக்கிறது.

அந்தப் பராமரிப்பு என்னவென்று அறியாதவர்களே மொழியைச் சிறு செய்தியாகக் கருதுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: வெட்டும் தலைக்குள், குவியவில்லைக்குக் கீழே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி உண்டு. தகட்டிலிருந்து தெறிக்கும் உலோகத் துளிகள் வில்லையைத் தாக்காமல் காப்பது அதன் வேலை. அதில் ஒரு துகள் ஒட்டினாலும் அந்தப் புள்ளி ஒளியை உறிஞ்சிச் சூடேறும். குவியம் இடம் மாறும். வெட்டின் அடியில் கசடு தொங்கும். கவனியாமல் ஓட்டினால் கண்ணாடி கருகி, விலையுயர்ந்த வில்லையும் உடன் போகும். அதை மாற்றுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். தலையின் வெளிப்புறத்தை முதலில் துடைக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றியவுடன் திறந்த வாயை ஒட்டுநாடாவால் மூட வேண்டும். கண்ணாடியின் ஓரத்தை மட்டுமே பிடிக்க வேண்டும். வெறும் விரல் அதன் முகத்தில் படக் கூடாது. நீர் கலவாத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத குச்சியால் துடைக்க வேண்டும். இதில் எந்தப் படியும் விருப்பத்துக்குரியதன்று. வரிசை மாறினால் தூய்மை செய்யும் செயலே அழுக்கை உள்ளே கொண்டு சேர்க்கும்.

இன்னொன்று: லேசர் மூலத்தைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை. அறை 30 பாகையாகவும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாகவும் இருக்கும்போது, சுமார் 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனித்துளி படியும். கோடையில் 22 பாகைக்கு வைத்த சில்லரை அப்படியே மழைக்காலத்திலும் ஓட்டினால், மூலத்துக்குள்ளும் ஒளியியல் பாகங்களிலும் நீர் கோக்கும். எந்திரத்திலேயே பெரும்விலை கொண்ட பாகங்களுள் ஒன்று இவ்வாறு ஓசையின்றிக் கெடும். கையேட்டின் பனிநிலை அட்டவணை இதைத் தடுக்கவே இருக்கிறது. ஆனால் அந்த அட்டவணை எதற்கு என்று விளக்கும் பத்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதுவும் சீனத்திலிருந்து அரைகுறையாக மாற்றப்பட்ட ஆங்கிலத்தில்.

இவையெல்லாம் பொருள் இழப்பு. கண்ணின் கதை வேறு. பழைய கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான், அது கண்ணின் முன்படலத்திலேயே உறிஞ்சப்படும். ஃபைபர் லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 1.07 மைக்ரான். இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. ஆயினும் இரண்டாவது கண்ணின் வில்லையைக் கடந்து, அவ்வில்லையாலேயே குவிக்கப்பட்டு, விழித்திரையைச் சென்றடையும். விழித்திரை சுட்டாலும் வலிக்காது. முதல் வகைக்குப் போதுமான தெளிந்த அக்ரிலிக் தடுப்போ கண்ணாடியோ இரண்டாம் வகையைத் தடுக்காமல் உள்ளே விடும். பழைய எந்திரத்தில் பத்தாண்டு வேலை செய்தவர் புதிய எந்திரத்தின் கதவைத் திறந்து பழுதுபார்க்கும்போது, தம் பழைய கண்ணாடியை நம்பிக்கையோடு அணிந்துகொள்கிறார். அவரைக் காப்பாற்றக்கூடிய ஒற்றை வாக்கியம் அவருக்குப் புரியாத மொழியில், எந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. “ஆங்கிலம் கற்றுக்கொண்டு வரட்டும்” என்று சொல்பவர், அதுவரை அந்தக் கண்ணுக்கு யார் பொறுப்பு என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி மொழி தொடர்பான வாதங்களுக்கு வருகிறேன். மொழியியல் படித்தவன் என்ற முறையில் இவற்றைக் கேட்டுச் சும்மா இருக்க இயலவில்லை.

முதல் வாதம், நம் மொழிகளில் கலைச்சொற்கள் இல்லை என்பது. பட்டறைக்குள் அரை மணி நேரம் நின்றவர் இப்படிப் பேசமாட்டார். நாசில், லென்ஸ், செராமிக், சில்லர், பெட் ஆகிய சொற்கள் தமிழ் வாக்கியத்திலும் கன்னட வாக்கியத்திலும் ஒடிய வாக்கியத்திலும் நாள்தோறும் வேற்றுமை உருபு ஏற்று வாழ்கின்றன. “நாசிலைக் கழற்றிப் பார், ஓட்டை நடுவில் இல்லை” என்பது முழுமையான தமிழ் வாக்கியம். தகடு, கசடு, பிசிறு என்று நம் சொற்களும் கூடவே இருக்கின்றன. பெயர்ச்சொல் கடன் வாங்கப்பட்டது என்பதால் எந்தத் தொழிலாளியும் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் வினைமுற்றிலும் நிபந்தனையிலும் நேர்கிறது. ஆங்கிலக் கையேட்டின் ‘ஷுட்’ கட்டாயமா, பரிந்துரையா? ‘அன்லெஸ்’ என்று தொடங்கும் பகுதி எந்தச் செயலைத் தடுக்கிறது, எதை அனுமதிக்கிறது? அரைகுறை ஆங்கிலம் கொண்டு படிப்பவருக்கு இவையே படுகுழிகள். நம் மொழியிலோ ‘துடைக்கலாம்’, ‘துடைக்க வேண்டும்’, ‘துடைக்கக் கூடாது’ என்ற மூன்றும் சிறு பிள்ளைக்கும் மயக்கம் தராதவை. தொழில்நுட்பக் கையேட்டுக்கு இன்றியமையாத இந்தத் தெளிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது கலைச்சொல் அன்று, அக்கறை.

இரண்டாம் வாதம் நம் பக்கத்திலிருந்தே வருகிறது. முதலில் எல்லாச் சொற்களையும் தூய தமிழில் ஆக்குவோம், பிறகு கையேடு எழுதுவோம் என்கிறார்கள் சிலர். லேசருக்குச் சீரொளி என்ற அழகிய சொல் இருக்கிறது. அதை வகுப்பறையில் மகிழ்ச்சியோடு பயன்படுத்துவேன். ஆனால் ஆக்சிஜன் குழாய் இணைப்பில் எண்ணெயோ கிரீசோ படக் கூடாது, பட்டால் தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கை, ‘கிரீசு’க்கு மாற்றுச்சொல் முடிவாகும் வரை காத்திருக்க முடியாது. கையேடு, அதைப் படிப்பவர் வாயில் வழங்கும் சொல்லால் எழுதப்பட வேண்டும். சொல்லாக்கக் குழு முதலில் போக வேண்டிய இடம் நூலகம் அன்று, பட்டறை.

மூன்றாம் வாதம் செலவைப் பற்றியது. இத்தனை மொழிகளில் எப்படி அச்சிடுவது என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு எந்திரங்கள் நெறியாணையை எடுத்துக்கொள்வோம். எந்த உறுப்பு நாட்டில் எந்திரம் விற்கப்படுகிறதோ, அந்நாட்டின் அலுவல்மொழியில் கையேடு தரப்பட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. உற்பத்தியாளரே அனுப்பும் வல்லுநருக்கான பராமரிப்புக் குறிப்புகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஆகவே மக்கள்தொகை 14 லட்சத்தை எட்டாத எஸ்தோனியாவில் விற்க வேண்டுமானால் எஸ்தோனிய மொழியில் கையேடு எழுதியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இந்தியாவில் 6.9 கோடி, கன்னடத்தை அவ்வாறு கொண்டோர் 4.3 கோடிக்கு மேல். 14 லட்சம் பேருக்குக் கட்டுபடியாகும் செலவு நாலரைக் கோடிப் பேருக்கும் ஏழு கோடிப் பேருக்கும் கட்டுபடியாகாது என்பது கணக்கு அன்று. அங்கே சட்டம் கேட்கிறது. இங்கே யாரும் கேட்பதில்லை.

நம் சட்டம் இதை அறியாததும் அன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அதன்படி வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 108ஆம் பிரிவில் எழுதி வைத்தது. கொள்கை அப்போதே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆனால் சுவரில் தொங்கும் அறிவிப்புக்குக் கிடைத்த அந்த உரிமை, எந்திரத்தோடு வரும் கையேட்டுக்கும் திரையில் சிவப்பாக ஒளிரும் அலாரத்துக்கும் நீளவில்லை. 2022இல் நடுவண் அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டுப் பொருள், வாகனம் ஆகிய துறைகளே அதில் இடம்பெற்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, தன் பிழைப்புக்காகத் தானே இயக்குபவரை விடுத்து, வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராகவே கருதுவதில்லை. எனவே கடன் வாங்கி எந்திரம் வாங்கிய சிறு முதலாளியும் நிராதரவாகவே நிற்கிறார். கட்டுப்பாட்டு மென்பொருளின் அமைப்புப் பக்கம் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கிறது. அலாரம் ஓர் எண்ணை மட்டும் காட்டுகிறது. அந்த எண்ணின் பொருளை அறியப் பொறியாளர் வரும் வரை வேலை நிற்கிறது. நாள்கூலிக்காரருக்கு அந்த நாள்கள் சம்பளமில்லா நாள்கள். அரங்கில் கைதட்டிய முதலாளிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கையேட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் தொழிலாளியிடமிருந்து மட்டும் அதைப் பூட்டவில்லை.

ஆங்கிலம் கற்பதற்கு நான் எதிரி அல்லேன். கற்க விரும்பும் தொழிலாளிக்கு மாலை வகுப்பு நடத்துங்கள். நானே வந்து கற்பிக்கிறேன். ஆனால் கண்ணும் உயிரும் ஒரு மொழித் தேர்வில் வென்றவர்க்கே உரியவை என்பதை ஏற்க இயலாது. நைட்ரஜன் கசிந்த மூடிய அறையில் மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூச்சு முட்டும் முன்னரே மயக்கம் வரும். அந்த அறைக்குள் நுழைபவரிடம் யாரும் இலக்கணம் கேட்பதில்லை.

கோரிக்கைகள் எளியவை. விற்கப்படும் ஒவ்வொரு லேசர் எந்திரத்தோடும், அது நிறுவப்படும் மாநிலத்தின் மொழியிலும் அங்குள்ள தொழிலாளர்கள் கேட்கும் மொழியிலும் அன்றாடப் பராமரிப்புக் கையேடு வரவேண்டும். அலாரம் எண்களின் பொருள் பூட்டின்றித் தரப்பட வேண்டும். கண்ணுக்கும் மூச்சுக்கும் உரிய எச்சரிக்கைகளைத் திரையே அம்மொழிகளில் காட்ட வேண்டும். கையேட்டின் வரைவை அச்சிடும் முன் இரண்டு இயக்குநர்களிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் சொல்படி திருத்த வேண்டும்.

எந்திரம் வாங்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்கும் முன் இந்த நான்கையும் விலைப்புள்ளியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாட், வேகம், விலை ஆகியவற்றைப் பேரம் பேசும் நீங்கள் இதையும் பேசினால், அடுத்த ஆண்டே கையேடு வந்துவிடும். விற்பவருக்கு நம் மொழி தெரியாமல் இல்லை. விளம்பரத்தை அவர் நம் மொழியில்தான் போடுகிறார்.