மீனைக் காத்த வழிகாட்டிகள்

திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் ஐப்பசி மழை பிடித்து நந்தியாறும் கொசஸ்தலையாறும் புரண்டு வரும்போது, கிராமத்தில் ஒருவரைத் தேடுவார்கள். எந்த மடுவில் விரால் கிடக்கும், எந்த வாய்க்கால் முகப்பில் கெண்டை ஏறும் என்பது அவருக்குத்தான் தெரியும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். மூங்கில் பறியைத் தானே முடைவார். இடம் காட்டியதற்குக் கூலி ஒரு கூறு மீன். அவர் காலமான பிறகு ஊரார் அவரைப் பிரியமாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவருக்குத் தெரிந்ததை யாரும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை.

இத்தகையோரின் அருமையை உணர்ந்து, சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. காவிரி தமிழ்நாட்டைத் தொடுவதற்கு முன் கர்நாடகக் காட்டுக்குள் ஓடும் பகுதியில் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமக்கலி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. மஹசீர் என்னும் பெருங்கெண்டை வாழும் பகுதி அது. இந்த மீனுக்குக் காளையின் திமில் போல முதுகு மேடிட்டிருக்கும். துடுப்பு செம்மஞ்சள் நிறம். 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் பிடிபட்ட மஹசீர் ஒன்று 120 ராத்தல், அதாவது 54 கிலோ இருந்தது.

1970களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டார் இந்த மீனைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவர்களைப் பரிசலில் ஏற்றிச் சென்ற வழிகாட்டிகள் கரையோரக் கிராமத்தார். அவர்களில் சிலர் முன்பு வலையும் வெடியும் கொண்டு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களே. ஆற்றை அவர்களைவிட அறிந்தவர் யார்? கேழ்வரகு மாவைக் களியாக வேகவைத்து, உருண்டை பிடித்துத் தூண்டிலில் கோப்பார்கள். நரம்பு பாறையில் சிக்கினால் சுழலில் குதித்து நீந்திப் போய் விடுவிப்பார்கள். பிடிபட்ட மீனை எடை பார்த்தபின், மூச்சுத் தெளியும்வரை நீரோட்டத்தில் தாங்கிப் பிடித்திருந்து, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது முகாம் விதி. வந்தவர்கள் ஊர் திரும்பி எழுதிய புத்தகங்களில் மீனுக்கு இணையாக இந்த வழிகாட்டிகளும் இடம் பெற்றார்கள்.

வெடி வைத்தவர் காவல்காரரானது உபதேசத்தால் அல்ல. செத்த மீனை ஒருமுறைதான் விற்கலாம். உயிரோடு விட்ட மீனோ அடுத்த ஆண்டும் அவருக்குக் கூலி தேடிக் கொடுத்தது.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது வனவிலங்குச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று அது நிறுத்தப்பட்டது. சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வழிகாட்டிகளின் பிழைப்பும் அதோடு போயிற்று. ஆற்றின்மீது இருந்த கண்களும் குறைந்தன. 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மஹசீரை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. அணைகளும், வேறிடத்து மஹசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டதும் இதற்குப் பெரிய காரணங்கள். காவல் குறைந்தது மீனுக்கு நன்மை செய்திருக்க முடியாது.

நந்தியாறு காவிரி அல்லதான். மழையில் ஓடும், கோடையில் மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். அந்த மடுவில் தங்கும் தாய்மீன்தான் அடுத்த பருவத்துக்கு விதைநெல். மடுவை இறைத்துச் சேற்றோடு மீனை அள்ளுவது விதைநெல்லை அவித்துத் தின்பதற்குச் சமம். புதுவெள்ளத்தில் எதிர்த்து ஏறும் கெண்டை முட்டையிடப் போகிறது. அதன் வழியில் கரைக்குக் கரை வலை கட்டலாகாது. விராலின் சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால், அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். விவரம் தெரிந்த ஆள் அங்கே தூண்டில் போடமாட்டார். இளைஞர்களோ அந்த இடத்தைத்தான் தேடுகிறார்கள்.

வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். விவசாயிகள் அறியாமல் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. நெல்லுக்கோ கடலைக்கோ மருந்தடித்துவிட்டுத் தெளிப்பானை வாய்க்காலில் கழுவுகிறார்கள். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். கழுவிய நீரை வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், தரிசு மண்ணில் ஊற்ற வேண்டும்.

ஆற்றை ஒட்டிய ஏரிகளில் மீன்பாசி குத்தகை எடுப்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். ஏலத் தொகை கூடினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அவரோ குத்தகை முடிவதற்குள் ஏரியைத் துடைத்து எடுக்கப் பார்ப்பார். மீன் பிடிப்பதற்காக மதகைத் திறந்து தண்ணீரை வடித்தால் நஷ்டம் கடைமடைக்காரருக்கு. ஊரில் மீன் விவரம் தெரிந்த ஒருவரைக் குத்தகைப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு காவலுக்கு வைத்தால் என்ன? அவருக்கும் பிழைப்பு ஆகும், கூடவே ஒரு பையனும் தொழில் பழகுவான். பயிர் அறுவடைக்கு முன் மதகு திறக்கக் கூடாது, ஆழமான பகுதியில் தாய்மீன் விட்டுவைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளையும் சேர்த்துக் கேட்கலாம். ஏரி யார் பொறுப்பில் இருந்தாலும், கிராம சபையில் தீர்மானம் போட்டு ஏலத்துக்கு முன்பே அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். ஏலம் விட்டபின் எழுதும் நிபந்தனையைக் குத்தகைதாரர் ஏற்கமாட்டார்.