பேராசிரியர் பணியிடங்களை நிரப்புக

முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞரை, 1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தியது. அவர் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது துணைவேந்தராக விளங்கியவர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார். கிண்டியில் ஊடுகதிர் ஆய்வுக்கூடத்தை அமைத்த இராமச்சந்திரன், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாரைப் பெற்று ஆராய்ந்தார். கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்புடையது என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அறிவித்தார். உலகெங்கும் புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க இன்றும் பயன்படும் அவர் பெயரிலான வரைபடம் வெளிவந்தது 1963இல். பணியில் அமர்ந்ததற்கும் அந்த வரைபடத்துக்கும் இடையே பதினோர் ஆண்டுகள்! அடுத்த பருவத்தில் வேலை இருக்குமா என்று அஞ்சிக் கிடப்பவரால் இத்தகைய நெடும்பணியில் இறங்க இயலுமா?

துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனுக்கு 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வுதவித்தொகை வழங்கியதும் இதே பல்கலைக்கழகம்தான். அவரிடம் பட்டம் இல்லை, ஆற்றல் இருந்தது. அதுவே போதும் என்று கருதிய பெருமக்கள் அன்று இருந்தனர்.

இன்றோ இப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பணியிடங்கள் பல ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடக்கின்றன. ஓய்வுபெற்றோர் விட்டுச்சென்ற வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி. விதி ஏட்டளவில் நிற்கிறது. முனைவர் பட்டம் பெற்று, நடுவயதை நெருங்கியும் மாதந்தோறும் ஊதியத்துக்குக் காத்திருக்கும் அந்த ஆசிரியர்களின் நிலை நெஞ்சை வருத்துகிறது.

இழப்பு அவர்களோடு முடிவதில்லை. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பேராசிரியர் எட்டுப் பேர் வரையிலும், இணைப் பேராசிரியர் ஆறு பேர் வரையிலும், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரையிலும் முனைவர் பட்ட ஆய்வில் நெறிப்படுத்தலாம். அந்தப் பொறுப்பு நிலையான ஆசிரியர்க்கே உரியது. ஆகவே நிரப்பப்படாத ஒரு பேராசிரியர் பணியிடத்தால் எட்டு இளைஞர்கள் வரை ஆய்வு வாய்ப்பை இழக்கிறார்கள். அவர்களுள் யார் யார் இருந்திருப்பர் என்பதை எவர் அறிவார்?

நிதி நெருக்கடியைக் காரணம் காட்டுவர். நெருக்கடி மெய்யே. ஆனால் 2023 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின், அடுத்தவரைத் தெரிவுசெய்யும் தேடுதல் குழு பற்றிய பூசலில் ஓராண்டுக்கு மேல் அந்த இடம் வெறுமையாகவே இருந்ததற்கு நிதியா காரணம்? ஆளுநர் மாளிகைக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கின் சுமையை மாணவர் சுமக்க வேண்டியதில்லை.

எந்தத் துறையில் எத்தனை பணியிடங்கள், எந்நாள் முதல் நிரப்பப்படாமல் உள்ளன என்னும் பட்டியலைப் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அவற்றுக்குரிய ஊதியத்தை அரசு ஒதுக்க வேண்டும். நேர்காணலுக்கு அழைக்கும்போது, நெடுங்காலம் கற்பித்த கௌரவ விரிவுரையாளர்களின் பணிக்காலத்துக்கும் உரிய மதிப்பெண் அளிக்க வேண்டும்.