அக்கா தங்கைகளையும் கூப்பிடுங்கள்

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோய் கண்டறியப்பட்ட பையனுக்கு இன்று தமிழ்நாட்டில் போக இடம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் மருந்தை இலவசமாகப் போடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருப்பதால் அடையாள அட்டை கிடைக்கிறது. ஆனால் பையனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்காவை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவன் சித்திக்குச் சொல்லி அனுப்புவதில்லை. இந்த நோய் ஒரு வீட்டில் அடுத்த தலைமுறைக்குப் போவது பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான். இவர்களை விட்டுவிட்டுப் பையனுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது பாதி வேலை.

நான் இரும்பையில் பிறந்தவள். வானூர், மரக்காணம் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். கடற்கரையோரத்து உப்பளத் தொழிலாளர் வீடுகளும் தெரியும், எங்கள் செம்மண் மேட்டின் முந்திரித் தோப்பு வீடுகளும் தெரியும். இந்த இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பவை.

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி உப்பளத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். முதல் பிள்ளை பெண், அடுத்தது பையன். ஆறாவது வாரத்துத் தடுப்பூசி போட்ட அன்று மாலையே அவன் தொடை இறுகி வீங்கி நீலம் பாரித்தது. வீட்டார் ஊசியைக் குறை சொன்னார்கள். தவழத் தொடங்கியதும் முட்டி வீங்கியது. நடக்கப் பழகும்போது விழுந்து மேலுதட்டின் உள்பக்கம் சின்னதாகக் கிழிந்தது. இரவெல்லாம் ரத்தம் கசிந்து தலையணை நனைந்தது. மாமியார் அப்போது சொன்ன வார்த்தையைப் பல வீடுகளில் பல குரல்களில் கேட்டிருக்கிறேன்: “எங்க பரம்பரையில இப்படி ஒரு சீக்கு கெடையாது நர்சம்மா. இவ ஊட்டு ரத்தம் எம் பேரனைப் புடிச்சிக்கிச்சி.”

பிறந்த வீட்டிலும் ஆறுதல் இல்லை. அங்கே அதைச் சாபம் என்றார்கள். இரும்பையில் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம். மாகாளேஸ்வரர் கோயிலில் ஆடிய பெண்ணின் கழன்ற சிலம்பைக் கடுவெளிச் சித்தர் எடுத்துக் கட்டிவிட்டார், அரசனும் மற்றவர்களும் அதை இழிவாகப் பேசிச் சிரித்தார்கள், சித்தர் மனம் நொந்து பாடியதும் லிங்கம் மூன்றாக வெடித்தது, ஊரும் வறண்டது என்பது நாங்கள் பிள்ளைப் பிராயத்திலிருந்து கேட்டு வளர்ந்த கதை. நிலம் காய்ந்ததற்கு ஒரு சாபம் இருந்தால் பிள்ளைக்கு ரத்தம் நிற்காததற்கும் ஒன்று இருக்கும் என்று மனம் போய்விடுகிறது. அந்தப் பெண்ணின் தாய்மாமன் ஒருவர் சிறு வயதில், பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் இறந்தவர். அதையும் சாபக் கணக்கில்தான் எழுதியிருந்தார்கள்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எட்டாம் ஃபேக்டர் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஹீமோஃபிலியா ஏ, கடுமையான வகை. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்த ஏ வகை வருகிறது. ஒன்பதாம் ஃபேக்டர் குறைவதால் வரும் பி வகை இன்னும் அரிது.

மாமியார் சொன்னதில் உள்ள பாதி உண்மையை நான் மறைக்க விரும்பவில்லை, மறைத்தால் மீதிப் பாதிப் பொய் நிலைத்துவிடும். எட்டாம் ஃபேக்டரைச் செய்யச் சொல்லும் மரபணு எக்ஸ் குரோமோசோமின் ஒரு நுனியில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். இரண்டு திரி போட்ட விளக்கில் ஒன்று அணைந்தாலும் வீட்டில் வெளிச்சம் இருக்கும், ஒற்றைத் திரி விளக்கில் அது நடக்காது. பையனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது, அப்பா தருவது ஒய். ஆகவே பழுதுள்ள எக்ஸ் ஒன்றைச் சுமக்கும் தாய்க்கு, மருத்துவர்கள் கேரியர் என்று சொல்லும் அந்தப் பெண்ணுக்கு, பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு பெண் பிள்ளையும் அவளைப் போலவே கேரியர் ஆகப் பாதி வாய்ப்பு.

இதில் அவள் குற்றம் எங்கே இருக்கிறது? அவளுக்கு அதைக் கொடுத்தது அவள் தாய், தாய்க்குக் கொடுத்தது பாட்டி. நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினர் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இந்த நோய் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றத்தால் அங்கே நோய் தொடங்குகிறது. அப்படிப்பட்ட வீட்டிலும் பழி என்னவோ மருமகள் மேல்தான் விழுகிறது. பெண் பிள்ளையாகவே பிறந்தாலும் இதே கதைதான். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு கொண்டுவரும் எக்ஸோ ஒய்யோ. 1905இல் மாவுப்புழுக்களை ஆராய்ந்து இந்த உண்மைக்கு வழி திறந்தவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண். நூறு வருஷம் தாண்டிய பிறகும் “மூணும் பொண்ணாப் பெத்துட்டா” என்று பிரசவ வார்டு வாசலில் ஒருத்தியைத் தனியாக நிறுத்துகிறார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது: கேரியர் பெண்ணுக்கு ஒன்றும் செய்யாது என்பது. பலருக்குச் செய்யாது, உண்மை. சிலருக்கு ஃபேக்டர் அளவு நன்றாகவே குறைந்திருக்கும். மாதவிலக்கு பத்து நாள் ஓடும், ரத்தசோகை விடாது, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு உயிரைக் கேட்கும். முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துக்கொள்ளாமல் ஃபேக்டர் கையிருப்புள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். குழந்தையின் தலையை ஆயுதம் போட்டு இழுக்காமல் தவிர்க்கலாம். பிறகு தடுப்பூசி போடும்போது மெல்லிய ஊசியால் போட்டு, சில நிமிஷம் அழுத்திப் பிடித்திருக்கலாம். எல்லாமே ஒரு செவிலியர் செய்யக்கூடிய காரியம். அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நம் உறவு முறையைப் பற்றியும் பேசியாக வேண்டும். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட இந்த விஷயம் நம்மிடம் சிக்கலானது. ஹீமோஃபிலியா உள்ள ஆணுக்குப் பிறக்கும் பையன்களுக்கு அது போகாது. பெண்களோ ஒருத்தி விடாமல் எல்லோரும் கேரியர், ஏனென்றால் தகப்பனிடம் கொடுக்க இருப்பது அந்த ஒரே எக்ஸ்தான். அவனுடைய அக்காவும் கேரியராக இருந்தால் அக்கா மகனுக்கும் நோய் வரலாம். மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே நோய் என்பது இந்தக் குடும்பங்களில் சாதாரணமாகக் காணும் வரிசை. நம் ஊரில் அந்த மருமகனுக்கு முறைப்பெண் யார்? மாமன் மகள். அவள் நிச்சயமாகக் கேரியர். நோயுள்ள மருமகன் அவளைக் கட்டினால் பிறக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பாதி வாய்ப்பில் நோயே வரும், மற்றவர்கள் கேரியர். நோயுள்ள மாமன் தன் அக்கா மகளையே கட்டினாலும், அவள் கேரியராக இருந்தால், இதே விளைவுதான். “பொம்பளப் புள்ளைக்கு இது வராது” என்று நம்பி இருக்கும் வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணின் முதல் மாதவிலக்கே ஆபத்தாக முடியலாம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில் சொந்தத்தில் மணம் முடித்த பெண்கள் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 28 சதவீதம். நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறோம். சொந்தத்தில் கட்டியவர்களை நான் இகழவில்லை. என் கல்யாணமே அத்தை மகனோடு நடந்தது, நல்லபடியாகத்தான் வாழ்ந்தோம். குடும்பத்தில் ரத்தம் நிற்காத ஆண் ஒருவர் இருந்திருந்தால் மட்டும், பரிசம் போடுவதற்கு முன் பரிசோதனை வேண்டும் என்கிறேன்.

அப்படி இருக்க, நிச்சயதார்த்தத்துக்கு முன் என்னிடம் வருபவர்கள் கேட்பது வேறு. “பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரே குரூப்பு, கட்டலாமா?” தாராளமாகக் கட்டலாம். ஒரே ரத்த வகையாக இருப்பதால் பிள்ளைக்கு எந்தக் கேடும் இல்லை. பார்க்க வேண்டியது ஆர்எச். பெண் நெகட்டிவ், கணவன் பாசிட்டிவ் என்றால் கர்ப்பத்தின் 28ஆம் வார வாக்கிலும், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி போட்டுக்கொண்டால் அடுத்த பிள்ளை காப்பாற்றப்படும்.

ஏ, பி, ஓ வகைகள் எக்ஸில் இல்லை, ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கின்றன. ஆகவே தாயும் தகப்பனும் சமமாகத் தருகிறார்கள், பிள்ளை ஆணா பெண்ணா என்பதால் எதுவும் மாறாது. ஏயும் பியும் சேர்ந்தால் இரண்டுமே வெளியில் தெரியும். ஓ ஒளிந்துகொள்ளும். அதனால் ஏ வகைத் தாய்க்கும் பி வகைத் தகப்பனுக்கும் ஓ வகைப் பிள்ளை பிறப்பது முற்றிலும் இயல்பு. இதைத் தெரியாமல், பள்ளிக்கூட அட்டையில் பிள்ளையின் வகையைப் பார்த்துவிட்டு மனைவியிடம் பேச்சை நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். திண்ணையில் உட்காரவைத்து, நோட்டில் கட்டம் போட்டுக் காட்டினேன். நான்காவது கட்டத்தில் இரண்டு ஓவும் சேர்ந்து விழுந்ததை அவர் தன் விரலாலேயே தொட்டுப் பார்த்தார்.

கட்டத்துக்குள் அடங்காத குடும்பங்களும் உண்டு. 1952இல் பம்பாயில் மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் உடன் இருந்தவர்களும் கண்டு எழுதிய பாம்பே ரத்த வகை அப்படிப்பட்டது. ஏயும் பியும் உட்கார எச் என்ற அடித்தளம் வேண்டும். இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான எச் மரபணு வந்தவருக்கு அந்த அடித்தளமே இல்லை. வழக்கமான சோதனையில் அவர் ஓ என்றே தெரிவார், உள்ளே ஏயோ பியோ இருந்து பிள்ளைக்குப் போகும். ஓ என்று எழுதப்பட்ட தாய்க்கு ஏபி பிள்ளை பிறக்கலாம். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவர் இந்த வகை என்பார்கள், சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் கூடுதலாக வரும். இவர்களுக்கு இதே வகையினரின் ரத்தம் மட்டுமே சேரும். ரத்த வகை அட்டையை வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளக்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு உட்காரட்டும்.

நிறக்குருடும் ஹீமோஃபிலியா வழியிலேயே, தாயின் எக்ஸில் வருவது. வேலைக்குப் போகும்போது மருத்துவச் சோதனையில்தான் பல பையன்களுக்கே தெரிகிறது. நம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வாகி இந்தக் குறையால் நிறுத்தப்பட்டவருக்கு வேலை கொடுக்கும்படி 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளியிலேயே சோதித்துச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் வேறு வழி யோசித்திருப்பார்கள்.

ஹீமோஃபிலியாவுக்கே திரும்புகிறேன். பெண் கேரியரா என்று சோதிக்கச் சொன்னால் வரும் முதல் எதிர்ப்பு எனக்குத் தெரியும். “வெளியில தெரிஞ்சா இவள யாரு கட்டுவாங்க?” இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே முடிவு அந்தப் பெண்ணின் கையில்தான் போய்ச் சேர வேண்டும். வயது 18 ஆனபின், அவள் சம்மதத்தோடு, ரகசியம் காத்துச் செய்ய வேண்டும். ஆனால் சோதிக்காமலேயே ஊர் அவளைச் சந்தேகிக்கத்தான் செய்கிறது. கேரியர் தாயின் மகள்களில் சரிபாதிப் பேர் கேரியர் இல்லை. தேவையே இல்லாத பயத்தோடு பிள்ளை பெறும் அவர்களுக்கு விடுதலை தருவதும் இந்தச் சோதனைதான்.

அது கைக்கு எட்டாத சோதனை அல்ல. முதலில் நோயுள்ள பையனின் ரத்தத்தில் என்ன பிறழ்வு என்று பார்க்க வேண்டும். கடுமையான ஏ வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மரபணுவின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கும், அதைத் தேடுவது எளிது. பிறகு அதே பிறழ்வு அக்கா, தங்கை, சித்தியிடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஃபேக்டர் அளவை மட்டும் பார்த்து “நார்மல்” என்று அனுப்பிவிடக் கூடாது, கேரியர் பெண்ணுக்கு அது சரியாகவே இருக்கலாம். கருவில் சோதிப்பதற்கும் சட்டம் தடையில்லை. பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே, பாலினத்தோடு பிணைந்த மரபு நோய்களைக் கண்டறியும் சோதனையை உரிய நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு, கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, அவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றிருந்ததை 2024இல் உலகத்துக்கு அறிவித்தது. நெஞ்சு நிமிர்கிறது. அந்த அறிவு நூறு மைலுக்குள் இருக்கும்போது மரக்காணத்து உப்பளத்தில் ஒரு பெண் தன் எக்ஸில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மூன்றாவது பிள்ளையைச் சுமக்கிறாள்.

மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் நான் கேட்பது இதுதான். கர்ப்பம் பதியும்போது ஒவ்வொரு தாய்க்கும் பிக்மி எண் தருகிறோம். உயரம், எடை, ரத்த வகை எல்லாம் அதில் ஏறுகிறது. கூடவே ஒரு கேள்வி சேரட்டும்: “உங்கள் அண்ணன் தம்பி, தாய்மாமன், அக்கா தங்கை பிள்ளைகள் யாருக்காவது ரத்தம் நிற்காத நோய் உண்டா?” ஃபேக்டர் வாங்கும் பையனின் பெயர் ஒரு மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கிறது. அவன் அக்கா வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டு வேறு செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறாள். அவள் சம்மதித்தால் இந்த இரண்டையும் சேர்க்க வேண்டும். சோதனைக்கான செலவைப் பையனின் மருந்துச் செலவைப் போலவே அரசு ஏற்க வேண்டும்.

அந்த உத்தரவு வரும்வரை வீட்டுக்காரர்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை பையனைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப் போகும்போது அவன் அம்மாவும் அக்காவும் சித்தியும் சேர்ந்தே போகட்டும். “இவங்களுக்கும் கேரியர் டெஸ்ட் பாக்கணும், எங்க பாக்கறாங்க, எப்ப வரணும்?” என்று மருத்துவரிடம் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.